மாளிகைக்குப் போகும்போது வயல் பக்கமாக உள்ளே போங்கள்

டென்மார்க்கில் தமிழ்ப் பாடசாலை நடத்துகிற ஆசிரியர்மாருக்கும், கோடைச் சுற்றுலாவை ஒழுங்கு செய்கிற பெற்றோருக்கும்,

வணக்கம்.

வருகிற கோடையில் பிள்ளைகளை ஒரு பழைய மாளிகைக்குக் கூட்டிக்கொண்டு போவது பற்றி எங்கள் பக்கத்தில் கதை நடக்கிறது. நல்ல யோசனை. இந்த நாட்டில் எழுநூறுக்கு மேற்பட்ட பண்ணை மாளிகைகள் இருக்கின்றன. நாங்கள் குடியேறிய யூலன்ட் ஊர்களில் எதிலிருந்து புறப்பட்டாலும் ஒரு மணி நேரத்துக்குள் ஒன்றிரண்டாவது வந்துவிடும். ஆனால் இப்படியான பயணங்கள் வழமையாக எப்படிப் போகின்றன என்று உங்களுக்குத் தெரியும். பாலத்தைத் தாண்டி, கோபுரத்துக்கு முன்னால் படம் எடுத்து, மேல்மாடி மண்டபத்தில் சரவிளக்கைப் பார்த்து, ஒரு பேய்க் கதை கேட்டு, ஐஸ்கிரீமோடு பஸ் ஏறி வருவோம். பிள்ளைகளின் மனதில் ஒரு பணக்காரரின் பெரிய வீடு பதியும். வேறொன்றும் பதியாது.

என் வேண்டுகோள் ஒன்றுதான். பிள்ளைகளை முதலில் மாளிகை வாசலுக்குக் கூட்டிப்போக வேண்டாம். தொழுவத்துக்கும் களஞ்சியத்துக்கும் கூட்டிப்போங்கள். அந்தச் சரவிளக்குக்கு யார் பணம் கட்டினார்கள் என்று விளங்கிய பிறகு மேல்மாடிக்கு ஏற்றுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்களில் பலர் குடியுரிமைத் தேர்வுக்காக 1788 என்ற ஆண்டைப் பாடமாக்கியவர்கள். அந்த ஆண்டில் குடியானவர்களைப் பண்ணையோடு கட்டி வைத்திருந்த சட்டம் நீக்கப்பட்டது என்று எழுதிச் சித்தியடைந்தோம். அந்தக் கட்டு என்ன, யார் கட்டினார்கள், அவிழ்க்க ஏன் 55 வருடம் எடுத்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல எங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. மாளிகைக்குப் போகும் நாள் அதற்குப் பொருத்தமான நாள்.

காமல் எஸ்ட்ரப்பை எடுத்துக்கொள்வோம். டியூர்ஸ்லன்ட் பகுதியில், றண்டர்சுக்குக் கிழக்கே, ஔனிங் என்ற சிறிய ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அகழி சூழ்ந்த சிவப்புச் செங்கல் மாளிகை, முன்பக்க மூலைகளில் இரண்டு கோபுரங்கள். 1340இல் முதன்முதலாக ஆவணத்தில் பெயர் வருகிறது. அன்றிலிருந்து 1926 வரை ஒரே வம்சவழியின் கையில், முதலில் புறொக் குடும்பத்திடமும் அப்புறம் பெண்வழியாக ஸ்கேல் குடும்பத்திடமும், கிட்டத்தட்ட அறுநூறு வருடம் இருந்தது. இப்போது அதுதான் டென்மார்க்கின் பண்ணை மாளிகை அருங்காட்சியகம். பக்கத்துப் பண்ணைக் கட்டிடங்களில் விவசாய அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரே வளவுக்குள் இரண்டும் இருப்பதால்தான் இந்த இடத்தைத் தெரிவு செய்யச் சொல்கிறேன்.

இவ்வளவு பெரிய வீடு கட்டப் பணம் எங்கிருந்து வந்தது? மாட்டிலிருந்து. 16ஆம் நூற்றாண்டில் வட ஜெர்மனியிலும் ஒல்லாந்திலும் நகரங்கள் பெருத்தன, இறைச்சிக்கு விலை ஏறியது. யூலன்ட் குடியானவர்கள் எருத்துக்கன்றுகளை வளர்த்தார்கள். ஆனால் அவற்றைத் தொழுவத்தில் கட்டித் தீனி போட்டுக் கொழுக்க வைத்து விற்கும் உரிமை பெரும்பாலும் பிரபுக்களுக்கும் அரசருக்குமே இருந்தது. மூன்று நான்கு வருடம் வளர்த்தவன் கொஞ்சக் காசுக்குப் பண்ணைக்கு விற்பான். பண்ணைக்காரர் ஒரு குளிர்காலம் தொழுவத்தில் வைத்துத் தீனி போட்டு, வசந்தத்தில் தெற்கே ஓட்டிவிடுவார். வீபோர்க்கிலிருந்து வைல பக்கமாக இறங்கும் பழைய இராணுவப் பாதையில் கோடையில் நடக்கப் போகிற குடும்பங்கள் உங்களில் இருக்கும். அந்தப் பாதையில்தான் ஆயிரக்கணக்கான எருதுகள் நடந்து போயின. 1550க்கும் 1650க்கும் இடையில் டென்மார்க் முழுக்க எழும்பிய அழகான செங்கல் மாளிகைகள் தானியத்தாலும் எருதுகளாலும் எழும்பியவை.

அந்தக் காலத்துக் காமல் எஸ்ட்ரப்பின் சொந்தக்காரர் எஸ்க புறொக். 1560இல் பிறந்து 1625இல் இறந்தவர், அரச சபை உறுப்பினர். அவருடைய நாட்குறிப்புகளில் சில வருடங்களுக்குரியவை இன்றும் இருக்கின்றன. எங்கே போனார், யார் விருந்துக்கு வந்தார்கள் என்று சின்னச் சின்ன வரிகள். குடித்து வெறித்த நாட்களுக்குப் பக்கத்தில் சிலுவைக் குறி போட்டு வைத்திருக்கிறார். வழிகாட்டிகள் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அதோடு அவர்களிடம் இன்னொன்றும் கேளுங்கள்: அதே நாட்களில் அவருடைய குடியானவர் ஒருவரின் நாட்குறிப்பு எங்கே? அப்படி ஒன்றைக் காட்ட முடியாது. எழுதத் தெரிந்தவர்களின் நாட்கள் மட்டும்தான் எங்களிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. மற்றவர்களின் நாட்களைக் கணக்குப் புத்தகங்களிலும் வழக்குப் பதிவுகளிலும்தான் தேட வேண்டும்.

எஸ்க புறொக் அரச சபையில் இருந்த காலத்தில்தான் 1618இல் நாலாம் கிறிஸ்டியன் மன்னரின் கப்பல்கள், ஓவ கெட்ட என்ற இளம் பிரபுவின் தலைமையில், இலங்கைக்குப் புறப்பட்டன. 1620இல் வந்து கண்டி மன்னரோடு பேசினார்கள், திருகோணமலையில் கோட்டை கட்டப் பார்த்தார்கள், அது சரிவரவில்லை. அதே வருடம் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்து தரங்கம்பாடியில் இடம் பிடித்தார்கள். இதைப் பிள்ளைகளுக்கு ஒரு நிமிடம் சொன்னால் போதும். இந்த மாளிகைகளில் இருந்தவர்களுக்கும் எங்கள் கரைக்கும் 400 வருடத்துக்கு முந்திய தொடர்பு ஒன்று இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியட்டும்.

சரி, இனித் தொழுவப் பக்கம் வருவோம்.

மாளிகையைச் சுற்றியிருந்த ஊர்களில் குடியானவர் குடும்பங்கள் இருந்தன. வீடும் வயலும் அவர்களுடையவை அல்ல, பண்ணைக்குரியவை. குத்தகைச் சீட்டு எழுதி, உள்ளே வரும்போது ஒரு தொகை கட்டி, ஆயுள் வரைக்கும் அந்த நிலத்தைச் செய்யலாம். வருடா வருடம் தானியமும் வெண்ணெயும் வாத்தும் பன்றியும் வாரமாகக் கொடுக்க வேண்டும். கணவன் இறந்தால் மனைவி நிலத்தை வைத்திருக்கலாம். ஆனால் வேலைக்கு ஆண் வேண்டும் என்பதால், அடுத்து அந்த நிலத்தை எடுக்கிறவன் அந்த விதவையைக் கலியாணம் செய்ய வேண்டும் என்று பல இடங்களில் பண்ணை எதிர்பார்த்தது. இருபத்தைந்து வயது இளைஞனுக்கு ஐம்பது வயதுப் பெண். அவள் இறந்ததும் அவன் இளம் பெண்ணை மணப்பான். பிறகு அந்த இளம் பெண் விதவையாகி, இன்னொரு இளைஞன் வருவான். நிலம் பண்ணையின் கையில் இருந்ததால் ஒரு வீட்டில் யார் யாரோடு வாழ்வது என்பதையும் நிலமே தீர்மானித்தது.

இவற்றோடு கட்டாய ஊழியம். மாளிகைக்குச் சொந்தமாகப் பெரிய வயல் உண்டு, கூலியாட்கள் மிகக் குறைவு. அந்த வயலை உழுவது, எருப் போடுவது, அறுப்பது, கட்டுவது, போரடிப்பது, தானியத்தைப் பட்டினத்துக்கு ஏற்றிப் போவது எல்லாம் குடியானவர்களின் வேலை, கூலி இல்லை. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு தானிய விலை ஏற, பண்ணைகள் தங்கள் வயலை அகலப்படுத்தின, ஊழிய நாட்களும் கூடின. சில பண்ணைகளில் ஒரு குடும்பத்திலிருந்து வாரத்தில் மூன்று நான்கு நாள் ஆளோ குதிரையோ போக வேண்டியிருந்தது.

ஓர் அறுவடை நாளைப் பிள்ளைகளுக்கு அப்படியே விவரியுங்கள். இந்த நாட்டின் ஓகஸ்ட் மாதத்தை அவர்களுக்குத் தெரியும். நாலு நாள் மழை, ஐந்தாம் நாள் வெயில். அந்த வெயில் நாளில் பார்லி காய்ந்து அறுக்கத் தயாராக நிற்கிறது, குடியானவரின் சொந்த வயலிலும் நிற்கிறது, பண்ணை வயலிலும் நிற்கிறது. அன்று காலை பண்ணை மேற்பார்வையாளரிடமிருந்து ஆள் வருகிறது. ஒருவன் அரிவாள் எடுத்துக்கொண்டு போக வேண்டும், பின்னால் கதிர் கட்ட ஒரு பெண் போக வேண்டும். நீண்ட பிடி வைத்த அரிவாளோடு ஆண்கள் வரிசையாக நின்று வெட்டிக்கொண்டு போக, பெண்கள் குனிந்து அள்ளிக் கட்டிக்கொண்டு பின்னால் வருவார்கள். பொழுது சாயும் வரைக்கும் அதுதான். வீட்டுப் பார்லி அப்படியே நிற்கும். மறுநாள் மழை பெய்தால் முளைத்துப் போகும். பண்ணையின் தானியம் களஞ்சியத்துக்குப் போய்விட்டது, தன்னுடையது நனைகிறது. இதைச் சொல்லிவிட்டு அந்தப் பெரிய களஞ்சியத்துக்குள் பிள்ளைகளைக் கூட்டிப்போய் மேலே பார்க்கச் சொல்லுங்கள். அதன் உயரம் அப்போதுதான் விளங்கும்.

இன்னொன்று. பாரமான சக்கரக் கலப்பையை இழுக்கப் பல குதிரைகள் வேண்டும். தங்கள் சொந்த வயலுக்குத் தேவையானதைவிடக் கூடுதலான குதிரைகளைக் குடியானவர்கள் வளர்த்தார்கள், பண்ணைக்கு அனுப்புவதற்காகவே. கூடுதலாக ஒரு வேலைக்காரப் பையனையும் வைத்திருந்தார்கள், அதே காரணத்துக்காக. அவர்களின் வைக்கோலையும் சாப்பாட்டையும் பண்ணையின் வேலை தின்றது. மெலிந்த குதிரைகள், மெலிந்த வயல். குடியானவர் சோம்பேறி, அதனால்தான் விளைச்சல் இல்லை என்று அந்தக் காலத்து நிலவுடைமையாளர்கள் பலர் எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தப் பேச்சை எங்கள் பெற்றோரும் பாட்டன்மாரும் வேறு இடத்தில், வேறு வாயிலிருந்து கேட்டிருப்பார்கள்.

வராதவனுக்குத் தண்டனை இருந்தது. மரக் குதிரை என்று ஒன்று. உண்மையில் அது கூரான முதுகுள்ள ஒரு மரச் சட்டம். அதில் ஆளைக் கால்களைத் தொங்கவிட்டு மணிக்கணக்கில் இருத்துவார்கள். சில இடங்களில் காலில் பாரமும் கட்டினார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இதை விவரிக்க வேண்டியதில்லை. 14, 15 வயதுக்காரருக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். பெரிய பண்ணைகள் பலவற்றுக்குச் சொந்த நீதிமன்றமே இருந்தது, நீதிபதியைப் பிரபுவே நியமித்தார். பல தேவாலயங்களில் பாதிரியாரை நியமிக்கும் உரிமையும் அவருக்கே இருந்தது. முறைப்பாடு சொல்லப் போகிறவன் எந்தக் கதவைத் தட்டுவது என்று பிள்ளைகளையே யோசிக்கச் சொல்லுங்கள்.

1660இல் மன்னர் முழு அதிகாரத்தையும் தன் கையில் எடுத்துக்கொண்டார். 1671இல் புதிய பட்டங்கள் வந்தன. நிலத்தை ஏக்கரில் அளக்காமல் அது எவ்வளவு தானியம் தரும் என்று பார்த்துப் பீப்பாய்க் கணக்கில் மதிப்பிட்ட காலம் அது. 2,500 பீப்பாய் மதிப்புள்ள நிலம் வைத்திருந்தால் பெரிய பிரபுப் பட்டம், 1,000 பீப்பாய் என்றால் அதற்குக் கீழே ஒரு பட்டம். மாளிகையின் சொந்த வயலுக்கு வரிவிலக்கு வேண்டுமானால், இரண்டு டெனிஷ் மைல் (ஏறக்குறைய 15 கிலோமீற்றர்) தூரத்துக்குள் குடியானவர் நிலம் 200 பீப்பாய் மதிப்புக்கு இருக்க வேண்டும் என்ற விதி 1682இல் வந்தது. அதனால் மாளிகைக்காரர்கள் பக்கத்து ஊர்களை வாங்கிச் சேர்த்தார்கள். குடியானவரிடமிருந்து அரச வரியைச் சேர்த்துக் கொடுப்பதும் இராணுவத்துக்கு ஆள் அனுப்புவதும் மாளிகைக்காரரின் பொறுப்பானது. அரசாங்கம் குடியானவருக்கு முன்னால் நேரடியாக வரவேயில்லை, மாளிகைக்காரரின் முகத்தோடுதான் வந்தது.

இந்த வளர்ச்சியின் உச்சியில் காமல் எஸ்ட்ரப் நின்றது. எஸ்க புறொக்குக்கு ஆண் வாரிசு இல்லை. மகள் யூட்டெ, யோர்ன் ஸ்கேல் என்பவரை மணந்தாள், சொத்து அந்தப் பக்கம் போனது. அதே பெயருள்ள இன்னொரு யோர்ன் ஸ்கேல் 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் நாட்டின் பெரும் செல்வந்தர்களில் ஒருவராக இருந்தார். 1695இல், நாற்பது வயதாகும் முன்னரே இறந்துவிட்டார். ஔனிங் தேவாலயத்தில் அவருடைய மனைவி தொமாஸ் குவெலினுஸ் என்ற சிற்பியைக் கொண்டு அவருக்குச் செய்வித்த பளிங்குச் சமாதி மண்டபம் இருக்கிறது. நேரம் இருந்தால் அங்கேயும் போய் வாருங்கள், வேலைப்பாடு அருமை. 1725இல் ஸ்கேல் குடும்பத்துக்குப் பெரிய பிரபுப் பட்டம் கிடைத்தது. மாளிகையின் பெரிய மண்டபத்தில் தொங்கும் நெய்த திரைச்சீலைகளில் குடும்பத்தின் பண்ணைகள் படமாக இருக்கின்றன. தாங்கள் எதையெல்லாம் வைத்திருந்தோம் என்பதை விருந்தாளிக்குக் காட்ட அவர்கள் தேர்ந்த வழி அது. நான் கேட்கும் தொழுவச் சுற்றை முடித்துவிட்டு வந்து இந்தத் திரைச்சீலைகளுக்கு முன்னால் பிள்ளைகளைப் பத்து நிமிடம் நிறுத்துங்கள். நிறையக் கேள்வி வரும்.

இனி 1733. எங்கள் தேர்வுப் புத்தகத்தில் ஒரு வரியாக வந்தது இதுதான். 1730களில் தானிய விலை விழுந்துவிட்டது. நிலங்கள் ஆளில்லாமல் கிடந்தன, இளைஞர்கள் வேறு இடங்களுக்குப் போகத் தொடங்கினார்கள். நிலவுடைமையாளர்களுக்கு ஆள் வேண்டும், மன்னருக்கு ஊர்ப்படைக்கு ஆள் வேண்டும். இரண்டு தேவையும் ஒரே சட்டத்தில் சேர்ந்தன. 14இலிருந்து 36 வயது வரையான குடியானவ ஆண் பிறந்த பண்ணையை விட்டு வெளியேறக் கூடாது. 1742இல் அது 9இலிருந்து 40 ஆனது. 1764இல் 4 வயதிலிருந்து 40 வயது வரை. உங்கள் பாலர் வகுப்புப் பிள்ளையின் வயதை நினைத்துப் பாருங்கள்.

யாரைப் படைக்கு அனுப்புவது என்று தீர்மானித்தது மாளிகைக்காரர். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்ததும் பயிற்சி. ஆனால் அதைவிடப் பெரிய ஆயுதம் வேறு. கைவிடப்பட்டுக் கூரை விழுந்த ஒரு குத்தகை நிலத்தை மோசமான நிபந்தனையோடு ஓர் இளைஞனிடம் நீட்டுவார்கள். "எடுக்கமாட்டேன்" என்றால் படைக்குப் பெயர் போகும். காசு இருந்தால் விடுதலைச் சீட்டு வாங்கிக்கொண்டு போகலாம். காசு இல்லாதவன் கட்டுக்குள் கிடந்தான். பெண்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தவில்லை. ஆனால் அண்ணன் தம்பியும் வருங்காலக் கணவனும் அசைய முடியாத இடத்தில் அவள் எங்கே போவாள்?

1786இல் பெரிய விவசாய ஆணைக்குழு ஒன்று அமைந்தது. அதில் கிறிஸ்டியன் டிட்லெவ் ரேவென்ட்லோ இருந்தார், லொலன்ட் தீவில் மாளிகை வைத்திருந்த பிரபு. கிறிஸ்டியன் கோல்பியோன்சன் என்ற சட்டத்தரணி இருந்தார். 1788 யூன் 20இல் கட்டு நீக்கப்பட்டது. 14 வயதுக்குக் குறைந்தவர்களும் 36க்கு மேற்பட்டவர்களும் உடனே விடுதலை, இடையில் இருந்தவர்கள் 1800 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பண்ணைக்காரர்களில் ஒருவரான ரேவென்ட்லோ இதற்கு நின்றார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். அதே மூச்சில் மற்றதையும் சொல்லுங்கள்: 1790இல் யூலன்டைச் சேர்ந்த 103 நிலவுடைமையாளர்கள் கையெழுத்திட்டு, இந்தச் சீர்திருத்தங்கள் தங்கள் உடைமை உரிமையைப் பறிக்கின்றன என்று பட்டத்து இளவரசரிடம் மனுக் கொடுத்தார்கள். எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் இதே யூலன்டில் நடந்தது.

கொப்பன்ஹேகன் போகிறவர்கள் பிரதான ரயில் நிலையத்துக்கு முன்னால் வெஸ்டர்புரோ வீதியில் நிற்கும் உயரமான கல்தூணைக் கவனியுங்கள். அந்தக் கட்டு நீக்கப்பட்டதன் நினைவாக 1792இல் அடிக்கல் வைத்து 1797இல் முடித்த சுதந்திரத் தூண் அதுதான். பெட்டி இழுத்துக்கொண்டு அதைக் கடந்து எத்தனை தரம் போயிருப்போம்!

ஆனால் இந்த இடத்தில் கதையை முடித்துவிட வேண்டாம். விடுதலையானவர்களில் எல்லோரும் ஒரே மாதிரி விடுதலையாகவில்லை. ஊர் வயல்கள் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்ததைச் சேர்த்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரே இடத்தில் பிரித்துக் கொடுத்தார்கள். பலர் தங்கள் நிலத்தைச் சொந்தமாக வாங்கினார்கள். மாளிகைக்காரர்களும் நல்ல விலைக்கு விற்று அந்தப் பணத்தில் தங்கள் பண்ணையைப் புதுப்பித்தார்கள். இவர்களுக்குக் கீழே ஒரு குடிசையும் கையளவு நிலமும் வைத்திருந்த சிறுகுடிகள் இருந்தார்கள். ஊருக்குப் பொதுவான மேய்ச்சல் நிலத்தில் ஒரு மாட்டையோ இரண்டு ஆட்டையோ விட்டுத்தான் அவர்கள் பிழைத்தார்கள். நிலம் பிரிந்தபோது அந்த மேய்ச்சல் போய்விட்டது. அவர்களின் ஊழியக் கடமையைச் சட்டம் நிறுத்த 1848 வரை ஆனது. பெரிய குடியானவருக்கும் அவருக்காகக் கதிரடிக்கும் சிறுகுடிக்கும் இடையே அன்று விழுந்த இடைவெளி அடுத்த நூறு வருட டெனிஷ் அரசியலில் தொடர்ந்து தெரிந்தது.

மாளிகைப் பணம் முழுவதும் டெனிஷ் மண்ணிலிருந்து வந்ததும் அல்ல. ஓல்போர்க்குக்குத் தெற்கே லின்டன்போர்க் மாளிகையை 1762இல் வாங்கியவர் ஹைன்றிக் கார்ல் ஷிம்மெல்மன். நாட்டின் நிதிப் பொறுப்பை வகித்தவர். மேற்கிந்தியத் தீவுகளில் நாலு கரும்புத் தோட்டங்களும் அவற்றில் ஏறக்குறைய ஆயிரம் அடிமைகளும் அவருக்கு இருந்தன. அடிமை வியாபாரத்தை நிறுத்தும் ஆணை 1792இல் எழுதப்பட்டது, அதை முன்னெடுத்தவர்களில் அவருடைய மகன் ஏர்ன்ஸ்டும் ஒருவர். ஆனாலும் அது நடைமுறைக்கு வந்தது 1803இல், அடிமைத்தனமே ஒழிந்தது 1848இல். வடக்கே இருக்கிற பாடசாலைகள் லின்டன்போர்க் பக்கம் போனால் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னும் கிட்டத்துக் காலத்துக்கு வந்தால், லொலன்ட், பால்ஸ்டர் தீவுகளின் பண்ணைகளில் சீனிக் கிழங்கு வயலுக்கு 1893இலிருந்து போலந்துப் பெண்கள் பருவ வேலைக்கு வந்தார்கள். கிழங்குக் கன்றை ஐதாக்குவது, களை பிடுங்குவது, இலையுதிர்காலத்தில் கிளப்புவது எல்லாம் குனிந்தபடி செய்யும் வேலை. தாகெரூப் என்ற இடத்தில் அவர்கள் தங்கியிருந்த கட்டிடம் அருங்காட்சியகமாக இருக்கிறது. பலர் இங்கேயே கலியாணம் செய்து தங்கிவிட்டார்கள். வேறு நாட்டிலிருந்து வந்து, பாஷை தெரியாமல், மற்றவர்கள் செய்ய விரும்பாத வேலையைச் செய்தவர்கள் எங்களுக்கு முன்னாலும் இருந்தார்கள். மீன் தொழிற்சாலையிலும் இறைச்சித் தொழிற்சாலையிலும் நின்ற எங்கள் தலைமுறைக்கு அவர்களின் கதையைக் கேட்டதும் விளங்கும்.

பண்ணைகளின் பிடி எப்படித் தளர்ந்தது என்பதைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1849 அரசியலமைப்பு பிரபுக்களின் தனிச் சலுகைகளை நீக்கியது. 1882இல் மேற்கு யூலன்டில் யெடிங் என்ற ஊரில் குடியானவர்கள் சேர்ந்து முதலாவது கூட்டுறவுப் பால் நிலையத்தைத் தொடங்கினார்கள். கிறின்ஸ்ரெட் குடும்பங்களுக்கு அது காரில் கிட்ட. எத்தனை மாடு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற வழக்கம் அந்த இயக்கத்தோடு வந்தது. நல்ல வெண்ணெய் என்றால் மாளிகைத் தொழுவத்து வெண்ணெய்தான் என்றிருந்த நிலை மாறியது. 1899இல் நிலமற்ற தொழிலாளர் சிறு நிலம் வாங்க அரசு கடன் கொடுக்கத் தொடங்கியது. 1919 ஒக்ரோபர் 4இன் சட்டங்கள் பெரிய அடி அடித்தன. பரம்பரைப் பிரபு நிலங்கள் இனிப் பிரிக்க முடியாதவை அல்ல. சொத்து மதிப்பில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கை அரசுக்குக் கட்டி, நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை இழப்பீட்டுக்கு விட்டுக்கொடுத்தால்தான் மிச்சம் அவர்களுக்குச் சொந்தம். அப்படிக் கிடைத்த நிலத்தில் சிறு குடும்பப் பண்ணைகள் எழும்பின. நாட்டுப்புறத்தில் நேரான தெருவோரம் ஒரே அளவில் வரிசையாக நிற்கும் சின்னச் செங்கல் வீடுகளைக் கண்டால், அவற்றில் பல அப்படி வந்தவை. பஸ்ஸில் போகும்போது யன்னலால் காட்டுங்கள்.

காமல் எஸ்ட்ரப்பின் கடைசிப் பிரபு 1926இல் இறந்தார். மருமகன் வால்டெமார் ஊட்டென்தால் மாளிகையை வாங்கி, 1930இல் அருங்காட்சியகமாகத் திறந்துவைத்தார். அவர் அப்படிச் செய்யாமல் விட்டிருந்தால் நாங்கள் இன்று பஸ் பிடித்துப் போக அங்கே ஒன்றும் இருந்திராது. அதற்கு நன்றியோடுதான் எழுதுகிறேன். மாளிகையை வெறுக்கச் சொல்லவில்லை. நிலவறைச் சமையலறையை நின்று பாருங்கள், தோட்டத்தைச் சுற்றிப் பாருங்கள், ஆரஞ்சு மரங்களைக் குளிருக்குப் பாதுகாக்கக் கட்டிய கண்ணாடிக் கட்டிடங்களையும் பாருங்கள். எல்லாம் பார்க்கத் தக்கவை.

பயண ஒழுங்குக்காகச் சிலதைச் சொல்கிறேன். காலையில் பிள்ளைகள் களைக்க முன்பே பண்ணைக் கட்டிடங்களை முடித்துவிடுங்கள். கலப்பைகளையும் கதிரடிக்கும் கோல்களையும் பார்க்கும்போது தமிழில் பேசுங்கள். ஏர், மேழி, போர், களம், பதர் என்று எங்களிடம் சொற்கள் நிறைந்து கிடக்கின்றன, வகுப்பறையில் அவற்றைக் கற்பிக்க எந்தப் பொருளும் கையில் இருக்காது. அங்கே எல்லாம் கண்முன் இருக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மாளிகை. பேய்க் கதை வேண்டுமானால் திரும்பி வரும் பஸ்ஸில் வைத்துக்கொள்ளலாம். அம்மம்மா, தாத்தாமாரையும் கூட்டிப்போங்கள். வயல் செய்தவர்கள் அவர்கள், அந்தக் களஞ்சியத்தில் அருங்காட்சியக ஊழியருக்குத் தெரியாததை அவர்கள் சொல்லுவார்கள்.

ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும்: "எங்கட ஊரிலயும் இப்பிடி இருந்ததா?" இந்தக் கேள்விக்குத் தயாராகப் போங்கள். மழுப்ப வேண்டாம். யாழ்ப்பாணத்தில் சில சாதியினர் நிலமுள்ள சாதியினருக்குப் பரம்பரையாக ஊழியம் செய்யும் குடிமை முறை இருந்தது, அடிமை முறை சட்டப்படி ஒழிய 1844 வரை ஆனது, அதற்குப் பிறகும் நிலம் யாரிடம் இருந்தது, கிணற்றில் யார் அள்ளலாம், கோயிலுக்குள் யார் போகலாம் என்பதில் சாதி நின்றது. டெனிஷ் பிரபுவின் அநியாயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டு எங்கள் ஊர் பற்றிக் கேட்டதும் கதையை மாற்றினால், பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது உடனே பிடிபடும். எங்கள் பெரியவர்களில் சிலருக்கு இது சங்கடமாக இருக்கும். அவர்களோடு முன்கூட்டியே கதைத்துவிட்டுப் போவது நல்லது.

பஸ்ஸில் பிள்ளைகளுக்குக் கொடுக்க ஒரு தாளைத் தயார் செய்து வைத்திருக்கிறேன். ஒரு பக்கத்தில் 1340, 1733, 1788, 1848, 1919, 1930 ஆகிய ஆண்டுகளும் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விளக்கமும், மறுபக்கத்தில் மாளிகையில் தேடிப் பிடிக்க வேண்டிய பொருட்களும் இருக்கின்றன. சின்ன வகுப்புக்கும் பெரிய வகுப்புக்கும் தனித்தனியாக இருக்கிறது. வேண்டிய பாடசாலைகள் கேளுங்கள், அனுப்பிவைக்கிறேன். பிழை கண்டால் திருத்திப் பாவியுங்கள். கோடை விடுமுறைக்கு முன் கடைசி வகுப்பில் அரை மணித்தியாலம் இதற்கு ஒதுக்கினால் போதும். உங்கள் பாடசாலை ஓகூசிலோ றண்டர்சிலோ இருந்து, பயணத்தில் கூட வர ஓர் ஆள் தேவை என்றால், சனிக்கிழமைகளில் நான் வரத் தயார்.

அன்புடன்,
மத்திய யூலன்டிலிருந்து ஒரு தமிழ்ப் பெற்றோர்